கோட்டைமேல் ஒரு தலையிடி

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதென்றால் கோயிலில்தான். இரண்டு வீட்டாரும் தற்செயலாகச் சந்தித்ததுபோல, "அட, நீங்களும் வந்தனீங்களோ" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சரிவராவிட்டால் ஊருக்கு ஒன்றும் தெரியாது. என் கணவரின் தங்கை உதயகலாவுக்காக நல்லூரிலும் மருதனார்மடம் ஆஞ்சநேயரிலும் இப்படித் தற்செயலாக நின்று நின்று, கடைசியில் ஐயர்மாரே எங்களை இரக்கத்தோடு பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அதனால் இந்தமுறை யாழ்ப்பாணக் கோட்டை என்று நான்தான் முடிவெடுத்தேன். மதில்மேல் ஏறிக் காற்று வாங்குகிறவர்களை யார் கவனிக்கப் போகிறார்கள்?

உரும்பிராயிலிருந்து நாங்கள் மூவரும் ஓட்டோவில் வரும்போது கலா சொன்னாள்:

"மச்சாள், இதோடை சரி. இதுவும் சரிவராட்டி இனி எனக்கு ஒருத்தரையும் காட்டப்படாது."

நாற்பதை நெருங்குகிறாள். தபாற்கந்தோரில் வேலை. சண்டை, இடம்பெயர்வு, மாமனாரின் நோய் என்று வருடங்கள் போனதில் அவளுடைய பிழை எதுவும் இல்லை.

எங்களுக்குள் ஒரு குறிப்பு உண்டு. மாப்பிள்ளையைப் பிடிக்காவிட்டாலோ, அவருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று பட்டாலோ, கலா "தலையிடிக்குது" என்பாள். உடனே எல்லோரும் அவளுடைய தலைக்காகக் கவலைப்பட்டபடி வீட்டுக்குப் போய்விடுவோம்.

மாப்பிள்ளை குகதாசன் தன் அக்கா குணலட்சுமியோடு வந்திருந்தார். முகமாலையில் தென்னங்காணி வைத்திருப்பவர். கறுத்து உயர்ந்த, அமைதியான மனிதர். "நீங்களும் வந்தனீங்களோ" நாடகம் முடிந்ததும் எல்லோருமாக மதில்மேல் ஏறினோம். ஒரு பக்கம் பண்ணைக் கடல். மறுபக்கம் நூலகம், மணிக்கூட்டுக் கோபுரம், அதற்கப்பால் முழுப் பட்டினமும். ஒரு காலத்தில் இங்கிருந்துதான் ஆமிக்காரர் எங்கள் தலைமேல் ஷெல் அடித்தார்கள். இப்போது பிள்ளைகள் சோடி சோடியாக நின்று செல்ஃபி எடுக்கிறார்கள்.

மாப்பிள்ளை எதையும் பார்க்கவில்லை. கல் பதித்த நடைபாதையை விட்டு விலகாமல், நிலத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார். பெண்ணையும் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிலம் பார்க்கிறதென்றால் முகமாலையில் நிலம் இல்லையா?

கலா என் பக்கத்தில் வந்து, "மச்சாள், தலையிடிக்குது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் என் கணவருக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் ஓட்டோக்காரருக்கு போன் எடுக்கத் தொடங்கினார். கண் கலங்கியதை மறைக்கவோ என்னவோ, கலா நடைபாதையை விட்டிறங்கிப் புல்லுக்குள்ளால் மதில் விளிம்பை நோக்கி நடந்தாள்.

"நில்லுங்கோ. காலை எடுக்காதேங்கோ."

குகதாசனின் குரல். முகம் வெளிறியிருந்தது. அவள் நடந்த தடத்திலேயே பார்த்துப் பார்த்துக் கால்வைத்து அவளிடம் போய்ச் சேர்ந்தார்.

"எங்கை போகவேணும்?"

"உந்தக் கரைக்கு. டவுணைப் பார்க்க."

"அப்ப நான் முன்னுக்குப் போறன். நான் கால் வைச்ச இடத்திலை மட்டும் வையுங்கோ."

செல்ஃபி எடுத்த பெடியன்கள் சிரித்தார்கள். குகதாசனின் அக்கா தலையைக் குனிந்துகொண்டு என்னிடம் சொன்னாள்:

"குறை நினையாதேங்கோ, தங்கச்சி. எங்கடை காணி மிதிவெடிக்குச் சிவப்புத் தடி நட்டிருந்த காணி. எல்லாம் எடுத்தாச்சு எண்டு சொல்லித்தான் விட்டவை. எண்டாலும் உவன் புல்லைக் கண்டால் மிதிக்கமாட்டான். வீட்டுக்கு ஆர் வந்தாலும் தான்தான் முன்னுக்கு நடப்பான்."

எல்லோரும் உருண்டு புரளுகிற புல் இது. கலாவும் சிரித்துவிடுவாளோ என்று பயந்தேன். அவள் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். சேலைக் கரையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, அவர் மிதித்த புல்லின்மேல் தன் காலை வைத்தாள். அவர் எடுத்துவைக்கிற எட்டு பெரியது. அவளுக்கு எட்டவில்லை என்று கண்டதும் குகதாசன் தன் எட்டைச் சிறிதாக்கினார். அந்த மனிதரைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் அந்த இடத்திலேயே எனக்கு வெட்கமாகிப் போனது.

விளிம்பில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அப்போதுதான் அவர் தலையை நிமிர்த்திப் பட்டினத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ஏதோ கதைத்தார்கள். காற்றில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போதும் அவர் முன்னுக்கு, அவள் பின்னுக்கு. கல் பாதைக்கு ஏறிய பிறகும் அவள் அவர் கால்வைத்த இடத்தில்தான் கால்வைத்து வந்தாள்.

என் கணவருக்கு இதெல்லாம் எங்கே விளங்கும்? அவர் குறிப்பை மறக்காமல் ஓடிவந்தார்.

"பிள்ளை, ஓட்டோ வந்திட்டுது. தலையிடி எப்பிடி?"

கலா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆருக்குத் தலையிடி, அண்ணை?"