தாழாத மட்டை

பேஸ்பால் மைதானத்தின் வேலி ஓரத்துத் தகரக் கூரையின் கீழ் டெலிபோன் இரண்டு தடவை அடித்தது. பயிற்சியாளர் எடுத்தார். "ம்" என்றார். வைத்தார்.

"ரதாமேஸ், நீதான்."

முழங்கால் உடைந்ததிலிருந்து இந்த ஒரு சொல்லுக்காகப் பதினான்கு மாதம் காத்திருந்தவன், கேட்டதும் எழுந்திருக்க மறந்துவிட்டான்.

"யோவ், உன்னத்தான்! மாப்பிள்ளை ஊர்வலம் வெச்சாதான் போவியா?"

எழுந்தான். இடது முழங்காலில் இருந்த கட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினான். கதவைத் தள்ளிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினான். நடக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் ஊரே பார்க்கிறது. பந்து வீசும் பிட்சர் ரதாமேஸ் ஓடுகிறான் என்பது ஊருக்குத் தெரியவேண்டும்.

ஞாயிறு மாலை நாலரை மணி. கடலோர ஊரான பரஹோனாவின் வெயில் முதுகை உரித்தது. ரதாமேஸின் உப்பளத்தார் அணி மூன்றுக்கு இரண்டு என்று முன்னால் இருந்தது. ஒன்பது சுற்றில் எட்டாவது. எதிரே மலைக்காரர் அணி.

மேனேஜர் குஸ்மான் காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்.

"ஒரே ஒரு சுற்று தர்றேன். தாண்டிட்டா சீசன் முடியற வரைக்கும் நீ என் ஆளு. தாண்டலேன்னா நாளைக்கு உன் சட்டையை வேற ஒருத்தன் போட்டுப்பான். வயசு முப்பத்திநாலு. இதுக்கு மேல என்னால இழுக்க முடியாது தம்பி."

ரதாமேஸின் கைக்கு ஒரு குறையும் இல்லை. பந்து மணிக்குத் தொண்ணூற்று மூன்று மைல் வேகத்தில் போனது. வளைய வேண்டிய பந்து வளைந்தது. பழைய நிலைக்குத் திரும்பாதது இடது முழங்கால் ஒன்றுதான். பந்தை வீசி முடித்ததும் முழு எடையும் இடது காலில் வந்து இறங்கும். அந்தக் காலை ஊன்றி வலது பக்கம் பாய முடியாது. பாய்ந்தால் முட்டி தனியே போகும், ஆள் தனியே விழுவான்.

இது மேனேஜருக்குத் தெரியாது. 'எலும்பு சேர்ந்துவிட்டது' என்று கையெழுத்துப் போட்ட டாக்டருக்குத் தெரியாது. மனைவி யோகாஸ்தாவுக்கே தெரியாது.

நெல்ஃபிக்குத் தெரியும்.

நெல்ஃபி அவன் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் இருவரும் ஒருவரை ஒருவர் 'கும்பாதிரி' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். மலைக்காரர் அணியில் ஆடுகிறவன். முப்பத்தேழு வயது. பெரிய அடிகாரன் இல்லை. பதினைந்து வருடமாக அவனுக்குச் சோறு போட்டது ஒரே வித்தை, பன்ட். வீசி அடிக்காமல் மட்டையைக் குறுக்கே தாழ்த்திப் பிடித்து, வருகிற பந்தை மெத்தென்று வாங்கி, பிட்சருக்கு வலப்புறம் புல்லிலே செத்து விழும்படி உருட்டிவிடுவது. பிட்சர் ஓடிவந்து குனிந்து எடுப்பதற்குள் அடித்தவன் ஓடித் தொடவேண்டிய முதல் பேஸுக்குப் பாதி தூரம் போயிருப்பான்.

ஆறு மாதம், தினமும் காலையில், கோயிலுக்குப் பின்னால் இருந்த பள்ளி மைதானத்தில் ரதாமேஸுக்காக நெல்ஃபி பன்ட் அடித்தான். ரதாமேஸ் பாய்ந்தான். விழுந்தான். விழுகிற ஒவ்வொரு தடவையும் நெல்ஃபி குனிந்து, அவிழாத ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பான். இவன் எழுந்து மண்ணைத் தட்டிய பிறகே நிமிர்வான்.

சீசன் தொடங்குவதற்கு முதல் நாள் நெல்ஃபி சொன்னான்: "கும்பாதிரி, நான் ஒண்ணும் பாக்கல."

"எதை?"

"அதான் சொல்றேன்ல, எதையுமே பாக்கல."

ரதாமேஸ் பந்து வீசும் மேட்டில் ஏறி நின்றதும், பந்து பிடிக்கும் கேட்சர் வாஸ்கர் ஓடிவந்து பந்தைக் கையில் கொடுத்தான்.

"அண்ணே, முட்டி எப்படி இருக்கு?"

"எந்த முட்டி?"

"இந்தத் திமிர் போதும்ணே. பந்து தேவையே இல்ல."

பின்னாலிருந்து வாழைக்காய் பொரிக்கிற அம்மாள் ஒருத்தி தொண்டை கிழியக் கத்தினாள். "டேய் ரதாமேஸ்! நொண்டிக்கிட்டாவது ஜெயிச்சுக் குடுத்துட்டுப் போடா ராசா!" கூட்டம் சிரித்தது. மேளக்காரர்கள் ஆரம்பித்தார்கள்.

முதல் ஆள் இரண்டாவது பந்திலேயே தட்டிவிட்டு முதல் பேஸில் போய் நின்றான். பரவாயில்லை. இன்னும் மூன்று பேரை வெளியேற்றினால் போதும்.

அடுத்து வந்தவன் நெல்ஃபி.

ஒரு ஓட்டம் பின்தங்கிய நேரம், முதல் பேஸில் ஆள், மட்டையோடு நெல்ஃபி. பன்ட் என்று சொல்ல ஆளே வேண்டாம். வாழைக்காய் அம்மாளுக்கே தெரியும். உப்பளத்தாரில் மூன்றாவது பேஸைக் காக்கிற பேஸ்காரன், பன்ட் வந்தால் எடுக்க, நாலு எட்டு முன்னால் வந்து நின்றுகொண்டான்.

மலைக்காரர் மேனேஜர் லெயோகாதியோவுக்கு எழுபது வயது. நிழலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்த கிழவர் விரலை அசைத்தார். மைதான ஓரத்தில் நின்ற அவருடைய ஆள் நெல்ஃபிக்குச் சைகையாகத் தொப்பியைத் தொட்டு, இடுப்பைத் தொட்டு, மார்பைத் தடவினான். பன்ட்.

நெல்ஃபி அதைப் பார்த்தான். பிறகு ரதாமேஸைப் பார்த்தான். கண் ஒரு நொடி நின்றது.

முதல் பந்து. மட்டை தாழவில்லை. நெல்ஃபி கம்பம் மாதிரி நின்றான். பந்து நடுவே போய் வாஸ்கரின் கையுறையில் வெடித்தது.

மறுபடி தொப்பி, இடுப்பு, மார்பு.

இரண்டாவது பந்து. நெல்ஃபி மட்டையை அகலமாக வீசினான். காற்றைத்தான் அடித்தான். மலைக்காரர் பெஞ்சில் யாரோ, "கண்ணு போச்சா உனக்கு!" என்று கத்தினான்.

ரதாமேஸுக்குப் புரிந்துவிட்டது. முதலில் உடம்பெல்லாம் சூடாக ஒரு நிம்மதி. அதன் பின்னாலேயே வெட்கம். நெல்ஃபிக்கு வேறு எந்தப் பிழைப்பும் கிடையாது. இதைத்தான் அவன் ரதாமேஸுக்காகத் தூக்கிப் போடுகிறான். வேண்டாம் என்று சொல்ல வழியிருந்ததா? இருந்திருந்தாலும் சொல்லியிருப்பானா? ரதாமேஸ் தன்னையே கேட்டுப் பார்த்தான். இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து மூன்றாவது பந்தை வீசினான்.

நெல்ஃபி மறுபடி காற்றை அடித்தான். மூன்று தவறு, ஆள் காலி.

மைதானம் அலறியது. நெல்ஃபி மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தலை குனிந்து நடந்தான்.

லெயோகாதியோ பல் குத்துவதை நிறுத்தியிருந்தார். திட்டவில்லை. வந்துகொண்டிருந்த நெல்ஃபியையே பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி மேட்டைப் பார்த்தார். ரதாமேஸின் கையை அல்ல, காலை. கீழிருந்து மேலாக, மாடு வாங்க வந்தவன் பார்க்கிற மாதிரி.

எழுந்து நின்றார். அடுத்து மட்டை பிடிக்க இருந்தவனை அருகில் கூப்பிட்டு, அவன் காதில் ஏதோ சொன்னார்.

வந்தவன் நல்ல அடிகாரன். வேலி தாண்டி அடிக்கிறவன் பன்ட் அடிப்பான் என்று யார் நினைப்பார்கள்? மூன்றாவது பேஸ்காரன் பின்னால் போய்விட்டான். பந்து வந்ததும் அடிகாரன் மட்டையைத் தாழ்த்தினான்.

'டொக்.'

பந்து வலது பக்கம் மெதுவாக, அவசரமே இல்லாமல் உருண்டது.

ரதாமேஸ் இடது காலை ஊன்றினான். பாய்ந்தான். கால் அங்கேயே நின்றது, அவன் மட்டும் போனான். முகம் புல்லில் அடித்தது. பந்து எட்டாத தூரத்தில் நின்றுவிட்டது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. வழுக்கிருச்சு." அவனாகவே எழுந்தான். "வழுக்கிருச்சு வாஸ்கர்."

வாஸ்கர் பந்தை எடுத்துவந்து அவன் கையில் வைத்தான்.

அடுத்தவனும் அதே இடத்தில், அதே வேகத்தில் உருட்டினான். இந்தத் தடவை ரதாமேஸ் பாயக்கூட இல்லை. பாயப் பார்த்தான், முட்டி மடங்கியது, மண்ணில் கை ஊன்றி உட்கார்ந்துவிட்டான். மூன்று பேஸிலும் ஆள். மேளம் நின்றது. வாழைக்காய் அம்மாள், "ஐயோ என் ராசா" என்று சொன்னது அவ்வளவு பெரிய மைதானத்தில் தெளிவாகக் கேட்டது.

குஸ்மான் மேட்டுக்கு வந்தார். கையை நீட்டினார். பந்தைக் கேட்கிறார். ரதாமேஸ் கொடுத்தான்.

பின்னால் வந்த பிட்சரின் முதல் பந்தையே அடித்துவிட்டார்கள். இரண்டு பேர் சுற்றி வந்து ஓட்டம் சேர்த்தார்கள். மலைக்காரர் நாலு, உப்பளத்தார் மூன்று. ஆட்டம் அப்படியே முடிந்தது.

உடை மாற்றும் அறையில் குஸ்மான் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"கை அப்படியேதான் இருக்கு. நான் பொய் சொல்லல."

"தெரியும்."

"ஆனா இன்னிக்கு ராத்திரிக்குள்ள எல்லா அணிக்கும் சேதி போயிடும். நாளையிலேருந்து உனக்கு எதிரா ஒருத்தனும் மட்டைய வீச மாட்டான். எல்லாரும் உருட்டுவாங்க." அவர் தன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா இன்னிக்கு ஆட விட்டிருப்பீங்களா?"

குஸ்மான் அவன் தோளை அழுத்திவிட்டுப் போய்விட்டார்.

வாஸ்கர் கால் கவசத்தைக் கழற்றிக்கொண்டே வந்து உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, அந்தக் கிழவனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு யோசிச்சீங்களா?"

"ம்."

"நெல்ஃபி வழக்கம்போல ஒண்ண உருட்டியிருந்தா, மூணாவது பேஸ்காரன் முன்னாடி நின்னான், அவனே எடுத்திருப்பான். கிழவனுக்குச் சந்தேகமே வந்திருக்காது. பதினஞ்சு வருஷமா உருட்டறவன் ரெண்டு தடவ சொல்லியும் உருட்டாம நிக்கறான்னா ஏன்னு கிழவன் பாத்தான். அவ்வளவுதான்."

ரதாமேஸ் கையுறையின் கயிற்றை முறுக்கினான்.

"வாஸ்கர்."

"சொல்லுங்கண்ணே."

"இத நெல்ஃபிகிட்ட மட்டும் சொல்லிடாத. உன் ஆத்தா மேல ஆணையா சொல்லாத."

வெளி வாசலில் நெல்ஃபி நின்றிருந்தான். தோளில் பை. மலைக்காரர் பஸ் போய்விட்டிருந்தது.

"கிழவன் என்னை ஏத்தல கும்பாதிரி. சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டு எங்கயாவது போய்க்கோன்னான். உன் வண்டியில எடம் இருக்கா?"

"ஏறு."

பழைய டொயோட்டா வண்டியை நெல்ஃபிதான் ஓட்டினான். ரதாமேஸ் காலை நீட்டி வைத்துக்கொண்டான். கடல் பக்கத்துச் சாலையில் வண்டி திரும்பியது. நெல்ஃபி ஸ்டியரிங்கைக் குத்தினான்.

"நான் உருட்டலேன்னதும் ஆபத்து போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் எப்படிடா அவனுக்குத் தெரிஞ்சுது? நான் சத்தியமா யார்கிட்டயும் மூச்சு விடல. என் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல. நீ என்னச் சந்தேகப்படலயே?"

"சீ. பேசாம ஓட்டு."

"அப்ப யாரு?"

ரதாமேஸ் ஜன்னல் பக்கம் பார்த்தான். உப்பளங்களின் மேல் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

"டாக்டர்தான். வேற யாரு."

"அந்தக் கண்ணாடிக்காரனா?"

"அவனேதான். லெயோகாதியோவுக்கு அவன் தூரத்துச் சொந்தமாம்."

"திருட்டுப் பய!" நெல்ஃபிக்கு மூச்சு வந்தது. "பாக்கும்போதே நெனச்சேன். அவன் மூஞ்சியும் அவனும். நாலு காசுக்கு ஒரு மனுஷன் பிழைப்பையே வித்துட்டான் பாரு!"

"வித்துட்டான்" என்றான் ரதாமேஸ்.

வீடு வரும் வரைக்கும் நெல்ஃபி அந்த டாக்டரை விதவிதமாகத் திட்டிக்கொண்டே வந்தான். திட்டுக்குப் பஞ்சம் வந்தபோதெல்லாம், பக்கத்தில் இருந்தவன் ஒன்று எடுத்துக் கொடுத்தான்.