சாலம்மாள் வீட்டைப் பிரித்தாள்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. சங்கராபுரம் சாலையோரம் டீ குடித்துக்கொண்டிருந்தேன், அதுவே எதிரே வந்தது. ஒரு பெண் தலையில் மரக்கதவைச் சுமந்து வந்தாள்.

"கதவ எங்கம்மா எடுத்துக்கினு போறீங்க?"

"வூட்டுக்கு."

"வூடு எங்க?"

"பின்னால வருதுங்க."

வந்தது. அவள் புருஷன் ராசு, மூங்கிலும் கீற்றுமாக.

(அவர்கள் சொன்னது பாதி. மீதிக்கு நான் பொறுப்பு.)

2

வறண்ட ஏரியின் வெடிப்புகளில்...

(வேண்டாம். எல்லாரும் வெடிப்பில்தான் தொடங்குகிறார்கள்.)

அவர்கள் ஊர் ஏரி தண்ணீர் கண்டு பல வருஷம். சொந்த மனை இல்லாத கூலிக்காரர்கள் சிலர் ஏரிக்குள்ளேயே குடிசை போட்டிருந்தார்கள். ஆடித் திருவிழாவில் அய்யனார், பூசாரி ஆதிமூலத்தின் மேல் இறங்கினார். "இந்த ஐப்பசிக்கு ஏரிய ரொப்பித் தரேன்டா!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பொங்கல் சாப்பிட்டது. ஏரிக்குள்ளேயே திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் சாலம்மாள் கூரையைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"இன்னாடி பண்ற?" என்றான் ராசு.

"சாமி தண்ணி வுடப் போவுது இல்ல?"

"சொல்லிச்சு..."

"நீ கன்னத்துல போட்டுக்கினியா இல்லியா?"

"போட்டுக்கினேன்."

"அப்ப ஏணியப் புடி."

3

இவள் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு உறுதியான மனுஷியை நான் நேரில் கண்டதில்லை. அதனால் அவளை ஏரிக்கு மேலே இருந்த பாறைமேட்டில் குடிவைத்துச் சோதித்தேன். அங்கே நிழல் இல்லை, குழாய் இல்லை. ராசு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊர் சிரித்தது. சாலம்மாளும் பயந்தாள். சாமி ஏமாற்றிவிடும் என்றல்ல; தான்தான் தப்பாகக் காதில் வாங்கிவிட்டோமோ என்று.

கேட்டுவிடலாம் என்று ஆதிமூலத்தின் வீட்டுக்குப் போனாள். அதுவும் ஏரிக்குள்தான். பூசாரி தரைக்குப் புதுசாகச் சிமெண்டு பூசிக்கொண்டிருந்தார்.

"ஐப்பசில தண்ணி வருதுன்னீங்க?"

"நான் எங்கம்மா சொன்னேன்? சாமி சொல்லிச்சு."

"சாமி சொல்றப்ப நீங்க அங்கதான இருந்தீங்க?"

ஆதிமூலம் சிமெண்டுக் கரணையைக் கீழே வைத்தார். "நம்பிக்க இல்லாம இல்ல. வந்தா பாத்துக்கலாம்னு..."

"எனக்கும் பயம்தாங்க. ஆனா நாம உள்ளயே குந்திக்கினு இருந்தா சாமி எப்படி தண்ணிய வுடும்? புள்ளைங்க கெடக்குதேன்னு கையில புடிச்சிக்கினு நிக்கும்."

(இந்த வாக்கியம் என்னுடையதாக இருக்கவேண்டும் என்று மிகவும் ஆசைப்பட்டேன். அவளுடையது.)

4

முடிவு ஒன்று: மழை கொட்டுகிறது, சாலம்மாள் ஜெயிக்கிறாள். எழுதிப் பார்த்தேன். பக்திப்படம் போல் இருந்தது. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: ஐப்பசி வெயிலில் காய்கிறது. புத்திசாலித்தனமாக இருந்தது. அதனாலேயே பிடிக்கவில்லை.

இப்போது ஐப்பசி. கல்வராயன் மலைமேல் மேகம் கறுத்து நிற்கிறது. ஆதிமூலம் ஆடுகளை மட்டும் மேட்டுக்கு ஓட்டிவிட்டார். அவரும் குடும்பமும் புதுத்தரையில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறார்கள்.

மழையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்; பெய்வதும் பெய்யாததும் உங்கள் பாடு. ஆனால் முதல் சொட்டைப் போடுமுன் அவர்களை மேலே ஏற்றிவிடுங்கள்.

சாலம்மாள் அதற்காகத்தான் சரிவில் இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறாள். கொஞ்சம் பொறுங்கள்.