மௌனக் குத்தகை

1

ஒருநாள் காலையில் வங்காள விரிகுடா என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அலையடிப்பதை நிறுத்திக்கொண்டது.

நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை, நம்பாதவர்களுக்காகத்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். நம்புகிறவர்களுக்கு நேரிலேயே சொல்லி முடித்துவிட்டேன். கடப்பாக்கம் டீக்கடையில் இப்போதெல்லாம் நான் தொண்டையைச் செருமினாலே பாதிக் கூட்டம் பஸ் வந்துவிட்டது என்று எழுந்துவிடுகிறது. பஸ் வந்திருக்காது.

கதை பிறந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது ஒரு சண்டையில் பிறந்தது. பக்கத்து நிலத்துக்காரன் ராஜாராம், அன்று காலையில் தன் பம்புசெட் மோட்டார் நின்றது கரண்ட் போனதால் என்கிறான். அவனே கையால் நிறுத்தினான் என்கிறேன் நான். சாட்சி யாரும் இல்லை. சாட்சி இல்லாத வழக்குக்குக் கோர்ட்டைவிடக் கதைதான் தோது.

நான் ஆபிரகாம். செங்கல்பட்டுக்கும் சென்னைக் கடற்கரைக்கும் ஓடும் மின்சார ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். நான் மணி கொடுக்காமல் ஒரு வண்டிகூட செங்கல்பட்டை விட்டு நகர்ந்ததில்லை. (நகர்ந்திருக்கிறது. வேறு கார்டுகளும் இருந்தார்கள். இதைச் சேர்க்கச் சொன்னவள் ஹெலன். ஹெலன் என் மனைவி. இந்தக் கதையின் தணிக்கை அதிகாரி.)

2

கதையை எப்படித் தொடங்குவது என்று ரொம்ப யோசித்தேன்.

"மேகம் திரண்ட அந்தப் பொழுதில் ஆபிரகாம் தன் மண்ணை அள்ளி முகர்ந்தபோது, அதில் பெட்ரோல் வாசனை –"

அடித்துவிட்டேன். என் மண்ணில் வருவது வேர்க்கடலை வாசனை.

"நிலம் என்பது மேலிருந்து கீழ்வரை எவ்வளவு தூரம் ஒருவனுக்குச் சொந்தம் என்ற கேள்வி, மனிதகுலம் தோன்றிய நாள் முதலாக –"

இது கட்டுரை. மனிதகுலத்தைப் பற்றி எழுதினால் என் நிலத்தை யார் கவனிப்பது?

"ஹூஸ்டனிலிருந்து போன் வந்தது."

இது நிஜம். இதையே வைத்துக்கொள்கிறேன். என் அக்கா மகன் ஜோஷ்வா அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். எங்கள் பக்கம் ஏதோ எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் முளைக்குச்சி அடித்துக்கொண்டு போகிறார்கள் என்று பேச்சோடு பேச்சாக அவனிடம் சொன்னேன். அவன் குரலே மாறிவிட்டது. அந்த ஊரில் நிலத்துக்கு அடியில் எண்ணெய் இருந்தால், மேலே இருப்பதை வைத்துக்கொண்டு அடியில் இருப்பதை மட்டும் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடலாமாம். எடுக்க எடுக்கப் பங்கு வந்துகொண்டே இருக்குமாம். அவன் பக்கத்து வீட்டுக்காரி அந்தப் பங்கில் குதிரை வளர்க்கிறாளாம்.

போனை வைத்த கையோடு மாமல்லபுரத்துக்குப் போய், நிலத்து முகப்பில் நிறுத்துவதற்கு ஒரு கருங்கல் யானை வாங்கிவிட்டேன். (விலை கேட்டார். அவ்வளவுதான். ஹெலன்.)

3

கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் சார்பில் நிலத்துக்காரர்களிடம் பேச வந்தவர் கிருபாகரன், சின்ன வயசு, ஷூ போட்ட பையன். நேராக எங்கள் காலனிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். டீ குடித்தார். நான் தயாராக இருந்தேன்.

"மாடி வாடகை வேற, கீழ்ப்போர்ஷன் வாடகை வேற தம்பி" என்றேன். "அடியில கீறதுக்குத் தனியாப் பேசணும்."

அவர் டீயைக் கீழே வைத்தார். "சார், கீழ இருக்கிறது அரசாங்கத்தோடது. நம்ம நாட்டுல எண்ணெய், கேஸ் எல்லாம் அப்படித்தான். மேல் மண்ணு மட்டும்தான் உங்களுது."

"எவ்ளோ ஆழம் வரைக்கும் என்னுது?"

"கடலைச் செடி வேர் போற வரைக்கும்னு வெச்சுக்கங்க சார்."

அடுப்படியில் ஹெலன் சிரிப்பது கேட்டது. கருங்கல் யானை அந்த நிமிடமே மாமல்லபுரத்துக்குத் திரும்பிப் போய்விட்டது.

ஆனால் கார்டாக வேலை பார்த்தவன் அவ்வளவு சுலபத்தில் வண்டியை விட்டு இறங்க மாட்டான். அடியில் இருப்பது என்னுடையது இல்லையென்றால் பின்னே எதற்கு என்னைத் தேடி வந்தீர்கள் என்று கேட்டேன். கிருபாகரன் விளக்கினார். ஆணி வைத்த சின்னச் சின்ன டப்பாக்களை ஒயரில் கோத்து நிலம் நெடுக வரிசையாகக் குத்துவார்கள். எங்கள் ஊரில் அவற்றுக்குக் 'காது' என்று பெயர் வைத்துவிட்டோம். தூரத்தில் குழி தோண்டி ஒரு சின்ன வெடி வைப்பார்கள். அதிர்வு பூமிக்குள் போய்ப் பாறையில் முட்டித் திரும்பி வரும். அதைக் காதுகள் கேட்கும். கேட்டதை வைத்து அடியில் என்ன இருக்கிறது என்று படம் போடுவார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் மோட்டார், டிராக்டர், ஆட்டுமந்தை, ஆள் நடமாட்டம் எதுவும் கூடாது.

"அப்போ உங்களுக்கு வேண்டியது என் மண்ணு இல்ல" என்றேன். "என் மௌனம்."

அவர் யோசித்துவிட்டு, ஒரு வகையில் அப்படித்தான் சார் என்றார்.

ஆக, மௌனத்தைக் குத்தகைக்கு விட்டேன்.* உலகத்தில் முதல் ஆள் நான்தான். (சந்தேகம். ஹெலன்.)

ஆனால் அவர் ஒரு கொக்கி வைத்தார். வண்டிகளை நிறுத்தவும் கூடாரம் போடவும் அந்தப் பருவம் முழுக்க அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும். வரப்புக்கு இந்தப் பக்கம் என் நிலம், அந்தப் பக்கம் ராஜாராம் நிலம். எதுவானாலும் அவர்களுக்குச் சம்மதம். முதலில் என் நிலத்தில் காதுகளைக் குத்திக் கேட்டுப் பார்ப்பார்கள். சுத்தமாகப் பதிவானால் குத்தகை எனக்கு. சத்தம் கலந்தால் ராஜாராமுக்கு.

* கேட்பதற்கு மட்டும். தோண்டுவது வேறு பேச்சு. அதற்கு வந்தால் ஊரோடு உட்கார்ந்துதான் பேசவேண்டும் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். குத்தகைத் தொகையை எழுத மாட்டேன். அதில் மட்டும் நான் மிகைப்படுத்த வழியில்லை.

4

இப்போது எனக்கு ஒரு பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்திருக்கிறது. ராஜாராமை இந்தக் கதையின் வில்லனாக வைக்க நினைத்தேன். மீசை வைத்துப் பார்த்தேன். "முறுக்கிய மீசையும் சிவந்த கண்ணுமாக ராஜாராம் வரப்பில் –" ஒத்துவரவில்லை. அவனுக்கு மீசையே கிடையாது. கண்ணில் அறுவை செய்துகொண்டு கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறான்.

என் அப்பா அவன் அப்பாவின் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். அவன் அப்பாவை என் அப்பா "ஆண்டே" என்று கூப்பிட்டார். அந்த நிலத்தில் ஒரு துண்டுதான், ராஜாராமின் சித்தப்பா தன் பங்கை விற்றபோது, நான் வாங்கியது. நான் ராஜாராமை "இன்னா ராஜாராம்" என்கிறேன். அவன் என்னைக் "கார்டு" என்கிறான். இவ்வளவு தூரம் வந்து சேர ரயிலைவிட அதிக நாள் பிடித்தது.

இங்கே கொஞ்சம் கட்டுரை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊருக்கு எந்த ஆபீசர் வந்தாலும் முதலில் ஊர்ப்பக்கம்தான் போவார். எல்லாம் பேசி முடித்தபிறகு காலனிக்குச் செய்தி வரும். இந்த முறை கம்பெனி காதுகளைக் குத்தப் போட்ட கோடு எங்கள் வரப்பில் விழுந்தது. ஆபீசர் எங்களிடம் முதலில் வந்தார். அதை டீக்கடையில் நான் கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டேன்போல. ராஜாராம் எல்லார் முன்னாலும் கேட்டான்:

"மௌனத்த வாடகைக்கு வுட்டியாமே கார்டு. உங்க ஆளுங்க ஒரு நிமிசம் வாய மூடிகினு இருப்பாங்களா?"

கடையே சிரித்தது. காலனி என்றால் கூச்சல் என்பது அந்தக் கடையில் பால்போலத் தினமும் வந்து இறங்கும் சரக்கு. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சிரிக்கவில்லை.

இனி இந்தக் கதையில் பணயமாக இருப்பது குத்தகை இல்லை என்பதை நீங்கள் புரிந்துகொண்டிருப்பீர்கள். ஒரு காலைப்பொழுது முழுக்க நாங்கள் சும்மா இருந்து காட்ட வேண்டும்.

5

அந்தக் காலை.

காலனியில் கோழிகளைக் கூடைபோட்டுக் கவிழ்த்தார்கள். ஆடுகள் ஏரிக்கரைக்கு அந்தப்பக்கம் ஓட்டப்பட்டன. மிக்சி ஓடவில்லை, அன்றைக்குச் சட்னியே இல்லாத நாஸ்தா. ஆலயத்து ஒலிபெருக்கியின் ஒயரைப் பாஸ்டரே வந்து பிடுங்கினார். சந்திரம்மா என்று ஒருத்தி இருக்கிறாள், அவள் இங்கே மருமகளைக் கூப்பிட்டால் ஆலம்பரைக் கோட்டையில் மிச்சமிருக்கும் சுவர் உதிரும். அவள் வாயில் வெற்றிலையை அடைத்துக்கொண்டு, முந்தானையால் மூடிக்கொண்டு, என் நிலத்து ஓரத்தில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. வரப்பு நெடுகக் காலனியே நின்றது.

வேடந்தாங்கலுக்குப் போய்க்கொண்டிருந்த கூழைக்கடாக் கூட்டம் ஒன்று மேலே வந்ததும் சிறகடிப்பதை விட்டுவிட்டு வழுக்கிக்கொண்டே கடந்தது. சவுக்குத் தோப்புக்கும் ஈசிஆர் ரோட்டுக்கும் அப்பால் இருக்கும் கடல், நான் முன்பே சொன்ன காரியத்தைச் செய்தது. (கடல் இரைந்துகொண்டுதான் இருந்தது. கூழைக்கடா உண்மை. ஹெலன்.)

ஒரே ஒரு சத்தம். ராஜாராமின் மோட்டார்.

த்ரீ பேஸ் கரண்ட் வருகிற நேரத்தில் தண்ணீர் பாய்ச்சாமல் பின்னே எப்போது பாய்ச்சுவது என்று அவன் கிருபாகரனிடம் முன்பே சொல்லியிருந்தான். அதில் நியாயம் இருந்தது. அது ஓடினால் குத்தகை அவனுக்கு வரும் என்பதும் அதில் இருந்தது. கிருபாகரன் வியர்த்துக்கொண்டு வரப்புக்கு அந்தப் பக்கம் பார்க்க ஆரம்பித்தார்.

என் நிலைமையை யோசியுங்கள். மோட்டாரை நிறுத்துடா என்று கத்தலாம். கத்தினால் அதுவே சத்தம். அவனிடம் போய் நிற்கலாம். என் அப்பா அங்கே நிறைய நின்றிருக்கிறார்; எங்கள் குடும்பத்துக்கு அது போதும். எனவே ஒரு கார்டு என்ன செய்வானோ அதைச் செய்தேன். பழைய கார்டு பெட்டியிலிருந்து கொண்டுவந்திருந்த சிவப்புக் கொடியை விரித்து, வரப்பின்மேல் ஏறி, கையை உயர்த்தி நின்றேன்.

மோட்டார் கொட்டகை வாசலில் ராஜாராம் தெரிந்தான். எங்கள் பக்கம் பார்த்தான். உள்ளே போனான்.

மோட்டார் நின்றது.

அப்புறம் வந்த அமைதியை எழுத எனக்குத் தெரியவில்லை. மூன்று தரம் எழுதி அடித்தேன். "ஊசி விழுந்தால் –" வேண்டாம். "கல்லறை போல –" ஐயோ, வேண்டாம். வெடி வெடித்தது காதில் விழவில்லை, உள்ளங்காலில் ஏறியது. செருப்பில்லாமல் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் நிலம் கேட்டுக்கொண்டிருந்தது.

இவ்வளவு சுத்தமான பதிவு இந்தக் கோட்டிலேயே கிடைத்ததில்லை என்றார் கிருபாகரன். இதில் நான் ஒரு சொல்லையும் கூட்டவில்லை.

6

குத்தகை எனக்கு வந்தது. கூடாரம் போட்டார்கள், பருவம் முடிந்ததும் போய்விட்டார்கள். அடியில் எண்ணெய் இருக்கிறதா என்று கம்பெனி சொல்லவில்லை. நான் மறுபடியும் கடலை போட்டேன்.

ஆனால் அன்று மாலையே டீக்கடையில் ராஜாராம் சொல்லிவிட்டான்: மோட்டாரை நான் எங்கே நிறுத்தினேன், கரண்ட் போச்சு. ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. சரிபார்க்க வழியில்லை. மற்ற மோட்டார்களையெல்லாம் முன்பே நிறுத்தியிருந்தார்கள். வீட்டு லைட்டு வேறு லைன். மின்வாரியத்தில் போய்க் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. இதை எனக்கு மின்வாரியமா வந்து சொல்லவேண்டும்?

எனவே இரண்டு முடிவுகளை வைக்கிறேன்.

முதல் முடிவு: கரண்ட் போனது. நாங்கள் அமைதியாக இருந்தோம், அதிர்ஷ்டமும் துணைக்கு வந்தது.

இரண்டாம் முடிவு: ராஜாராம் தன் கையால் ஸ்விட்சை அணைத்தான்.

(மூன்றாவதாக ஒன்று எழுதினேன். அதில் ராஜாராம் எனக்கு மாலை போட்டுக் கண்ணீர் –. ஹெலன் கிழித்துப் போட்டாள்.)

7

இதுவரைக்கும் எழுதியதைப் போட்டோ பிடித்து ராஜாராமுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது.

மறுநாள் அவனே வந்தான். எங்கள் வீட்டுக்கு. இந்த வரியை வேகமாகத் தாண்டிப் போய்விடாதீர்கள். இதற்கு முன்னால் வேலை இருந்தால் தெருமுனையில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பான், நான் போவேன். அன்றைக்கு உள்ளே வந்து, கிருபாகரன் உட்கார்ந்த அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். ஹெலன் டீ கொடுத்தாள்.

"பாதி புளுகு" என்றான்.

"பாதிதானா" என்றேன்.

"ரெண்டு முடிவு எழுதிக்கீற. ஒண்ண அடி."

எதை என்று கேட்டேன். பேனாவை அவன் பக்கம் நீட்டினேன். கதை என்னுடையது, முடிவு உன்னுடையது, நீயே அடித்துக்கொள் என்றேன். வாங்கவில்லை. டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"உன் கொடிய நான் பாக்கவே இல்ல கார்டு. அத்த மொதல்ல எழுது."

எழுதினேன். கொஞ்சம் வலித்தது.

"உங்க ஆளுங்க அத்தினி பேரும் நின்னுகினு கீறாங்க. குஞ்சு குளுவான்லாம். ஒரு இருமல் இல்ல. என் மோட்டார் ஒண்ணுதான் கத்திகினு கீது." கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "எனக்கே கூச்சமாப் பூட்ச்சி."

ஹெலன் அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள். "பின்ன இன்னாத்துக்கு அண்ணாத்த, கரண்ட் போச்சின்னு ஊரெல்லாம் சொன்னீங்க?"

அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. அந்த இடத்தில் வைப்பதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. நீளமானது, நன்றாகவும் இருக்கும். வைக்கப்போவதில்லை. வாசகரே, உங்கள் ஊரில் கிடைக்கும் பதில் எதுவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அவன் எழுந்தான். டம்ளரை எங்கே வைப்பது என்று பார்த்து, ஹெலன் கையிலேயே கொடுத்தான். வாசல்வரை போனவன் திரும்பி, என் கையில் பேனா இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, எழுதுகிறவனுக்கு ஏற்றபடி நிதானமாகச் சொன்னான்:

"கரண்ட் இருந்துச்சி. நான்தான் நிறுத்தினேன்."