பன்னிரண்டாம் கட்டிலின் மணி

பெற்றவளே அவன் பெயரை மறந்துவிட்டாள். வீட்டிலும் வேலையிலும் அவன் அவசரக்குடுக்கைதான். ஒருத்தரும் வேலை தராதபோது, "என் கொழுந்தன் கெட்டிக்காரன் சார்" என்று மேலாளரிடம் கெஞ்சி, தான் நர்ஸாக இருக்கும் மருத்துவமனையிலேயே அவனை எலக்ட்ரீஷியனாகச் சேர்த்துவிட்டவள் அண்ணி. அந்த அண்ணி தலையில்தான் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டான்.

போன வாரம் ஒன்பது, பன்னிரண்டு ஆகிய இரண்டு கட்டில்களுக்கு, நோயாளிகள் நர்ஸைக் கூப்பிடும் மணியை மாற்றினான். வார்டில் நர்ஸ் மேசைக்கு மேலே உள்ள பலகையில் எந்தக் கட்டில் எண் எரியவேண்டும் என்று சொல்ல, மணிக்குப் பின்னால் நான்கு பொடி சுவிட்சுகள். கட்டில் எண்ணை ஒன்றும் பூஜ்யமுமாக மாற்றி, ஒன்றுக்கு மேலே, பூஜ்யத்துக்குக் கீழே தள்ளவேண்டும். எண்ணை இரண்டால் வகுத்துக்கொண்டே போய், மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுதினால் விடை. நம் அவசரக்குடுக்கைத் துரை மேலிருந்து கீழாக எழுதினார். ஒன்பதுக்கு 1001, எப்படி எழுதினாலும் அதேதான். அதை மட்டும் அழுத்திப் பார்த்தான், பலகையில் ஒன்பது எரிந்தது. பன்னிரண்டையும் அழுத்திப் பார்த்தால் கையா தேய்ந்துவிடும்? டீ குடிக்கப் போய்விட்டான். 1100 என்று இருக்கவேண்டியது 0011 ஆகிக் கிடந்தது. அது மூன்று.

நேற்றுவரை காலியாகக் கிடந்த பன்னிரண்டாம் கட்டிலுக்கு வந்த பெரியவர், மத்தியானம் கழிவறைக்குப் போக மணியை அழுத்தினார். பலகையில் மூன்று எரிந்தது. அண்ணி மூன்றுக்கு ஓடினாள். அங்கே ஆள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பலகையில் எரிந்த மூன்றை அணைத்தாள். மறுபடி மூன்று, மறுபடி ஓட்டம். பெரியவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, தானே இறங்கி, விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.

கேட்டதுமே அவனுக்கு எங்கே தப்பு என்று புரிந்துவிட்டது. வீட்டில் அண்ணி சாப்பிடாமல் அழுதபோதும் வாயைத் திறக்கவில்லை. இன்று காலை முதல் வேலையாக, யாருக்கும் தெரியாமல் சுவிட்சுகளைச் சரியாகத் தள்ளிவைத்தான். அப்பாடா, இனி ஒரு பிரச்சினையும் இல்லை என்று நினைத்தான், பாவி.

மேலாளர் அண்ணியைக் கூட்டிக்கொண்டு வார்டுக்கு வந்தார். "மூணுதான் எரிஞ்சுதுன்னு சொல்றீங்க. பாத்துடலாம்" என்று பன்னிரண்டின் மணியை அழுத்தினார். பலகையில் பன்னிரண்டு பளிச்சென்று எரிந்தது.

"இப்ப என்ன சொல்றீங்க? நீங்க போகாம இருந்துட்டு, பழியை மணி மேல போடறீங்களா?"

அண்ணியின் முகம் செத்துவிட்டது. "சத்தியமா மூணுதான் சார் எரிஞ்சுது" என்றவள் அவன் பக்கம் திரும்பினாள். "நீயாவது சொல்லேன் தம்பி."

"ஏம்ப்பா, மணியில கோளாறு ஏதாவது இருக்கா?" என்றார் மேலாளர்.

இல்லை என்று சொன்னால் போதும், வேலை நிலைக்கும். வீட்டுக்குப் போனால் அதே அண்ணி கையால் சாப்பாடும் கிடைக்கும். அதை நினைத்ததுமே பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். மணியைக் கழற்றி, சுவிட்சுகளைப் பழையபடி தப்பாகவே தள்ளினான்.

"இப்ப அழுத்துங்க சார்."

பலகையில் மூன்று எரிந்தது.

"நேத்து இப்படித்தான் இருந்துச்சு. தப்பா வெச்சவன் நான்தான். காலையில திருட்டுத்தனமா மாத்தினதும் நான்தான்."

அண்ணி திட்டுவாள் என்று காத்து நின்றான். அவள் அந்த மூன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து அவ்வளவு அழுதேனே, அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி."