போச்சு, வந்துச்சு

அண்ணன் கடைசியாகக் கேட்ட பொருளுக்குக் கடைக்காரன் சொன்ன விலை இரண்டாயிரத்து எழுநூறு. தங்கை அதை இரண்டாயிரத்து முந்நூறுக்கு முடித்து, ஒயர் கட்டும் பட்டை ஒரு கட்டும் சும்மா வாங்கிக்கொண்டுதான் கடைப்படி இறங்கினாள். சாகக் கிடக்கிற மனுஷனுக்காக என்று சொல்லி யாரோ அவளிடம் முழு விலை கறந்துவிட்டார்கள் என்று தெரிந்தால், அண்ணனே மனசொடிந்து போவார்.

அந்தப் பவர் சப்ளையைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் வைத்து நாலு திருகும் முடுக்கியாயிற்று. ஸ்க்ரூடிரைவரைக் கொண்டையில் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள். சாப்பாட்டு மேஜையை அறை வாசலுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள், கட்டிலிலிருந்து அவருக்குத் தெரியட்டும் என்று. அவர் கையாலேயே ஒவ்வொரு பாகமாக வாங்கிக் கோத்த கம்ப்யூட்டர். இரண்டு மாசத்துக்கு முன்னால் படுத்துவிட்டது. கொஞ்ச நாளில் அவரும் படுத்துவிட்டார்.

“எது முந்துதுன்னு பாப்போம் முதலாளி,” என்று காலையில் சொன்னார். அப்பாவின் பம்புக் கடைக் கல்லாவில் உட்கார்ந்த நாளிலிருந்து தங்கைக்கு அவர் வைத்த பெயர் அது. அதற்குப் பிறகு பேச்சு குறைந்துவிட்டது. வந்து பார்த்த நர்ஸ் அண்ணியைத் தனியே கூப்பிட்டு, “இன்னைக்குத் தாண்டாதும்மா,” என்றாள்.

மிச்சம் இருந்தது மெமரியைச் செருகுவது ஒன்றுதான். விரல் நீளப் பச்சை அட்டை இரண்டு. ஒன்றில் பேப்பர் ஒட்டி ‘போச்சு’ என்று எழுதியிருந்தார், மற்றதில் ‘வந்துச்சு’.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? போனது பழசு, வந்தது புதுசு. ‘வந்துச்சு’வை எடுத்துச் செருகினாள். பட்டனை அழுத்தினாள். விசிறி சுற்றியது, பெட்டி ‘பீப்’ என்று மூன்று முறை கத்தியது, நின்றது. மறுபடி அழுத்தினாள். மறுபடி மூன்று கத்தல்.

கட்டிலில் கண் திறக்கவில்லை. ஆனால் புருவம் சுருங்கியது.

“ஓடுதுன்னு சொல்லிடேன்,” என்றாள் அண்ணி, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு. “நிம்மதியாப் போவாரு.”

தங்கைக்குப் பொய் புதுசில்லை. ஒரே மாதிரிப் பம்பைக் கடைசிப் பீஸ் என்று ஒன்பது பேரிடம் விற்றவள். அத்தனை பேரும் வாங்க வந்தவர்கள். இவர் எதை வாங்கப் போகிறார்? கட்டிலோரம் போய் உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.

“ஓடல அண்ணே.”

அவர் உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தாள்.

“எதப் போட்ட?”

“வந்துச்சுன்னு எழுதினதத்தான்.”

அவர் நெஞ்சு குலுங்கியது. மூச்சு முட்டுகிறதோ என்று அண்ணி ஓடிவந்தாள். மூச்சு முட்டவில்லை, சிரிப்பு.

“அதப் போட்டா… கோளாறு வந்துச்சு.”

“அப்ப ‘போச்சு’?”

“கோளாறு போச்சு.”

தங்கை நெற்றியில் அடித்துக்கொண்டாள். “இதுக்குத்தான் அப்பா உன்னக் கடையில லேபிள் எழுத விடல. நாலு மாசத்துல திவாலாக்கியிருப்ப.”

‘போச்சு’வைச் செருகினாள். பட்டன். விசிறி. ஒரே ஒரு சின்னக் கத்தல், பிறகு திரையில் வெளிச்சம்.

“ஓடுது அண்ணே.”

“கேக்குது.” மூச்சை இழுத்துக்கொண்டு, “ஓடுறது வேற, சரியா ஓடுறது வேற. மெமரி டெஸ்ட் போடு. நாலு சுத்து.”

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. எந்தப் பட்டனைத் தட்டவேண்டும் என்று சின்னக் காகிதத்தில் முன்பே எழுதி வைத்திருந்தார். கறுப்புத் திரையில் எண்கள் ஓடத் தொடங்கின. தங்கை ஒரு கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி மறுபக்கம். விசிறிச் சத்தத்துக்கு நடுவே அவர் மூச்சைத் தேடிக் கேட்கவேண்டியிருந்தது.

“ரெண்டு முடிஞ்சுது அண்ணே,” என்று திரையிலிருந்து திரும்பியபோது, அந்தக் கை பிடித்த கையாக இல்லை, வெறும் கையாக இருந்தது. அண்ணியும் நிமிர்ந்து பார்த்தாள்.

நர்ஸ் வந்து நாடி பார்த்து, போர்வையைச் சரிசெய்து, படிவத்தை எடுத்தாள்.

“எத்தனை மணிக்குன்னு பாத்தீங்களா?”

அண்ணி இல்லையென்று தலையசைத்தாள். யாரும் கடிகாரத்தைப் பார்த்திருக்கவில்லை.

தங்கை எழுந்து மேஜைக்கு வந்தாள். திரை ஓரத்தில், ஆரம்பித்து அறுபத்திரண்டு நிமிஷம் என்றிருந்தது. ஒரு சுற்றுக்குப் பத்தொன்பது. இரண்டு சுற்று முப்பத்தெட்டு. கழித்தால் இருபத்துநாலு நிமிஷத்துக்கு முன். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நாற்பது.

“அஞ்சு பதினாறு,” என்றாள்.

நர்ஸ் எழுதிக்கொண்டாள். அண்ணி புறங்கையால் முகத்தைத் துடைத்து, சுவரோரம் போய் ஸ்விட்சில் விரல் வைத்தாள்.

“அணைச்சிடவா?”

“இருக்கட்டும் அண்ணி. ஒரு சுத்து பாக்கி இருக்கு.”

நாற்காலியைத் திரைக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். முடிந்தது மூன்று. பிழை, பூஜ்யம்.