நிருஜா யாருக்குக் கீழே

வேலணையில் உள்ள கல்லூரி ஒன்றின் நூலகத்தில் ஒலி, ஒளிப்பதிவுகளுக்குப் பொறுப்பாக இருந்தவள் நிருஜா. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு மேலதிகாரி நூலகர் கமலாதேவிதான். தை மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி ஒலி, ஒளிப்பதிவுப் பிரிவு கல்லூரியின் விளம்பரப் பிரிவின் கீழ் இயங்கும், நிருஜா அதன் தலைவர் சஞ்சீவனிடம் பதில் சொல்ல வேண்டும் என்று அதில் இருந்தது. கமலாதேவி வாசித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். ஓய்வு பெறுகிற நேரத்தில் சண்டை பிடிக்கத் தெம்பில்லை என்றார்.

அடுத்த கிழமையே சஞ்சீவன் வந்து, கல்லூரியின் விளம்பரப் படத்துக்கு அனலைதீவு இராசமணியின் பதிவைக் கேட்டார். போர்க்காலத்தில் கடலுக்குப் போய்த் திரும்பாத கணவனைப் பற்றி இராசமணி பேசிய பதிவு அது. அழுகிற இடம் மட்டும் போதுமாம், பின்னால் வயலின் போடலாமாம்.

படிக்கிற பிள்ளைகள் நூலகத்துக்குள் இருந்து கேட்கட்டும், வெளியே போகக் கூடாது என்று சொல்லித்தான் இராசமணி பேசியிருந்தாள். நிருஜாவும் ஒத்துக்கொண்டுதான் பதிவு செய்தாள்.

"தரேலாது சேர்" என்றாள் நிருஜா.

"நீர் இப்ப எனக்குக் கீழ வேலை செய்யிறீர். விளங்குதோ?"

"லீவு வேணுமெண்டால் உங்களிட்டைத்தான் வருவன். இது இராசமணியக்கா சொன்ன கதை. அவவைக் கேக்காமல் ஆருக்கும் குடுக்கமாட்டன்."

விசாரணை வரும் என்று சொல்லிவிட்டு அவர் போனார். மண்கும்பானில் உள்ள வீட்டுக்குப் போய் நிருஜா நடந்ததைச் சொன்னாள். கிடைத்த உத்தியோகத்தைக் கெடுக்கிறாய் என்று தாய் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சனிக்கிழமை நிருஜா இராசமணியிடமே கேட்க ஊர்காவற்துறையில் படகேறி அனலைதீவுக்குப் போனாள். "குடுத்துவிடு பிள்ளை" என்று இராசமணி சொல்லிவிட்டால், தான் எதற்காக மல்லுக்கட்டினோம் என்ற பயமும் கூடவே போனது.

இராசமணி கருவாடு புரட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டாள். விசாரணை எப்போது என்று மட்டும் கேட்டாள்.

விசாரணை நாளில் காலை முதல் படகிலேயே இராசமணி வந்து, ஒருவரும் கூப்பிடாமல் விசாரணை நடந்த கல்லூரிப் பணிப்பாளரின் அறைக்குள் நுழைந்து கதிரையில் இருந்தாள்.

"நான் அழுதது உங்கடை படத்துக்கு ஆள் சேக்க இல்லை. இந்தப் பிள்ளையை வேலையிலயிருந்து கலைக்கிறதெண்டால் என்ரை கதையை என்னட்டைத் தந்திட்டுக் கலையுங்கோ."

பணிப்பாளர் சஞ்சீவனைப் பார்த்தார். நூலகர் என்ற முறையில் விசாரணைக்கு வந்திருந்த கமலாதேவி எழுந்தார்.

"ஆளையும் பிரிவையும்தான் நீங்கள் மாத்தினியள். பதிவுகள் இன்னும் நூலகத்தின்ரை. நிருஜா குடுத்தாலும் நான் விடமாட்டன்."

படத்தை அந்தப் பதிவு இல்லாமலே எடுக்கச் சொல்லி பணிப்பாளர் விசாரணையை முடித்தார். சுற்றறிக்கையை மட்டும் அவர் திரும்பப் பெறவில்லை.

மறுநாள் காலை, தன் பிரிவை நூலகத்தோடு திரும்பச் சேர்க்க வேண்டும் என்று நிருஜா மேல்முறையீடு எழுதினாள். மேலதிகாரியின் ஒப்பம் இல்லாமல் அது நிர்வாக சபைக்குப் போகாது. நேரே சஞ்சீவனின் மேசைக்குக் கொண்டுபோய் வைத்தாள்.

அவர் பிறகு பார்க்கலாம் என்றார்.

"பரவாயில்லை சேர், நிக்கிறன்" என்றாள் நிருஜா. அவர் பேனாவை எடுக்கும்வரை அவள் அசையவில்லை.