மாலை ஆறு மணி வரை செல்லும்

பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். ராகேஷ் அப்பாதுரைக்குத் தர வேண்டிய கூலி பாக்கி அது. நாளுக்குத் தொள்ளாயிரம் வீதம் முப்பத்தொரு நாள் வேலை. நடுவில் அரிசிக்கும் இருமல் மருந்துக்கும் என்று வாங்கியதைக் கழித்தால் நிற்பது இவ்வளவு. ராகேஷும் இதை மறுக்கவில்லை. "இல்லைன்னு சொன்னனா அண்ணா?" என்றுதான் ஒவ்வொரு தடவையும் கேட்பான். இல்லை என்று சொல்லாதவனிடம் எப்படிச் சண்டை போடுவது என்று அப்பாதுரைக்குத் தெரியவில்லை.

அந்தப் பணம் போக வேண்டிய இடம் முன்பே முடிவாகியிருந்தது. மகள் சௌம்யா நர்சிங் கடைசி வருடம். பரீட்சைக் கட்டணமும் பழைய பாக்கியும் சேர்த்துப் பதினேழாயிரத்து ஐந்நூறு. திங்கட்கிழமை நாலு மணிக்குள் கட்டினால் ஹால் டிக்கெட். கட்டாவிட்டால் ஒரு வருடம் கழித்து எழுதலாம் என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். இன்னொரு வருடம் படிக்க வைக்க ஸ்ரீராம்புரத்தின் அந்த ஒற்றை அறை வீட்டில் விற்பதற்குக்கூட ஒன்றும் இல்லை. கம்மல் போன வருடமே போயிற்று.

சனிக்கிழமை பதினோராவது தடவை அடித்தபோது ராகேஷ் போனை எடுத்தான்.

"நாளைக்கு மேளா கடைசி நாள் அண்ணா. அக்காவையும் பாப்பாவையும் கூட்டிக்கினு மத்தியானம் வாங்க. சுத்திப் பாத்த மாதிரியும் ஆச்சு, உங்க கணக்கையும் முடிச்சிடறேன்."

ஒயிட்ஃபீல்டு பக்கம், ஒரு பெரிய மாலுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் ஒன்பது நாளாக நடக்கிற மேளா அது. அமெரிக்க ஊர்களின் பெயரில் தெருக்கள் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு தெருவிலும் அந்த ஊர்த் தீனி. தெருமுனையில், அந்த ஊரில் பொது இடத்தில் நிற்கிற சிலையைப் போல ஒரு ஃபைபர் சிலை. அந்தச் சிலைகளைச் செய்யும் காண்ட்ராக்ட் ராகேஷுடையது. அச்சில் கண்ணாடி இழையைப் பரப்பி, பசை ஊற்றி, காய்ந்த பின் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்குகிற வேலை அப்பாதுரையுடையது. அந்தத் தூள் தோலில் ஏறினால் நாலு நாளைக்கு அரிப்பு நிற்காது. அவர் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறப்போட மாட்டாள் மனைவி சின்னத்தாயி.

ஞாயிற்றுக்கிழமை சின்னத்தாயி இருக்கிற ஒரே பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டாள். மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறி, உட்கார இடம் கிடைக்காமல் நின்றே போனார்கள். நுழைவுச் சீட்டு ஆளுக்கு இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. ராகேஷ் சொல்லி வைத்திருந்ததால் லாரி வருகிற பின்வழியாக விட்டார்கள். குப்பை டிரம்களைத் தாண்டித்தான் அமெரிக்கா வந்தது.

ஜனம் அதிகமில்லை. வெயில் மட்டும் நிறைய இருந்தது. சிகாகோ தெரு முனையில் யானை உயரத்துக்குக் கண்ணாடி போலப் பளபளக்கிற ஒரு பொருள் வளைந்து கிடந்தது. நாலைந்து பேர் அதன் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதான் நான் செஞ்சது" என்றார் அப்பாதுரை.

சின்னத்தாயி அதைச் சுற்றி வந்தாள். "இன்னாய்யா இது, அவரைக்கொட்டை மாதிரி கீது? அவரேகாய் மேளாவுக்குச் செஞ்சதை இங்க கொண்டாந்து வச்சிட்டானா?"

"அங்க நெசமாவே இப்படி ஒண்ணு இருக்குதும்மா" என்றாள் சௌம்யா. "எஃகுல. ஊரே அதுல தெரியும்."

"டிக்கெட் எவ்ளோவாம்?"

"டிக்கெட்டே கிடையாதாம். ரோட்ல போறவங்க எல்லாம் சும்மா பாக்கலாமாம்" என்றார் அப்பாதுரை. ராகேஷ் போனில் படத்தைக் காட்டியபோது சொன்னது அது. அன்றைக்கு அதைக் கேட்டு அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

சின்னத்தாயி தன் உருவம் அதில் குட்டையும் அகலமுமாகத் தெரிவதைப் பார்த்தாள். "இதுக்கா ராத்திரி பகலா சொறிஞ்சிக்கினு கெடந்த?" என்று கேட்டாள். பிறகு யாரும் பார்க்காதபோது முந்தானையால் அதில் ஒரு விரல் அடையாளத்தைத் துடைத்தாள்.

ராகேஷ் நியூயார்க் தெருவில், கையில் பந்தம் பிடித்த அம்மா சிலையின் பீடத்துக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எழுந்து வணக்கம் சொன்னான். சௌம்யாவிடம், "பாப்பா, ஊசி வலிக்காம போடுவியா?" என்று கேட்டுச் சிரித்தான். பிறகு பையிலிருந்து ஒரு நீல அட்டையை எடுத்து அப்பாதுரையின் கையில் வைத்தான்.

"இன்னா சார் இது?"

"கார்டு அண்ணா. உள்ள எல்லாக் கடையிலயும் ஓடும். பதினெட்டாயிரத்து அறுநூத்தி நாப்பது ஏத்தியிருக்குது. ஒரு ரூபா கொறையல. மிஷின்ல போட்டுப் பாத்துக்கங்க."

"எனக்குக் காசு வேணும்."

"எனக்கு வேணாமா?" ராகேஷ் பையைத் திறந்து காட்டினான். ரப்பர் பேண்ட் போட்ட நீல அட்டைகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. "ஆறு லட்சம் பில்லு. ரெண்டு லட்சம் காசாக் குடுத்தான் மேளா நடத்தற கம்பெனிக்காரன். ஜனம் வரல, கடைக்காரங்க எனக்கு வாடகை தரல, நீ அவங்ககிட்ட தீனியா வாங்கிக்கோன்றான். நான் எங்க போய் முட்டிக்கறது? உங்ககூட வேலை செஞ்ச பரத் வாங்கிக்கினான், சின்னப்பா வாங்கிக்கினான். நீங்கதான் கடைசி."

சௌம்யா அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் பொடி எழுத்து. படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னிக்கி சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான் செல்லும். காசாத் திருப்பித் தர மாட்டாங்க. அப்பா, இதை வாங்காத."

ராகேஷ் ஒரு வவுச்சரை நீட்டினான். முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று கன்னடத்தில் இருந்தது. "கையெழுத்துப் போட்டாத்தான் கார்டு. வேணாம்னா கேஸ் போடுங்க அண்ணா. கம்பெனி மேல நானும் போடறேன். ரெண்டு பேரும் சேர்ந்தே கோர்ட்டுக்குப் போய் வரலாம், பஸ் சார்ஜ் என்னுது."

அப்பாதுரை வவுச்சரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அட்டை இல்லாமல் திரும்பினால் கையில் ஒன்றுமில்லை. அட்டையோடு நின்றால் ஏதோ ஒன்று. மணி ஒன்றே முக்கால். கையெழுத்துப் போட்டார்.

விற்கலாம் என்ற யோசனை சௌம்யாவுடையது. கடை வரிசையில் நிற்கிறவர்களிடம் போய், உங்கள் பில்லை எங்கள் அட்டையில் போடுகிறோம், முக்கால் பங்கு காசு எங்களுக்குக் கொடுத்தால் போதும் என்று கேட்பது. அவளுக்கு இங்கிலீஷும் கன்னடமும் வாய்க்கு வரும். முதல் ஆள் போனைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு நகர்ந்தான். அடுத்தவள் "நோ, நோ" என்று குழந்தையை இழுத்துக்கொண்டாள். ஸ்கேன் பண்ணச் சொல்லி ஏமாற்றுகிற கும்பல் என்று நினைக்கிறார்கள் என்பது சௌம்யாவுக்குப் புரிந்தது. "சார், கேஷாக் குடுங்க, ஸ்கேனே வேணாம்" என்று சொல்லிப் பார்த்தாள். அது இன்னும் சந்தேகமாகப் போயிற்று.

மூன்று மணி சுமாருக்குக் காலேஜ் பையன்கள் ஒரு கூட்டம் சிக்கியது. ஆயிரத்து இருநூறு ரூபாய்ச் சாப்பாட்டுக்கு எண்ணூறு கொடுத்தார்கள். "இந்த கார்டு எங்க அடிச்சீங்க சிஸ்டர்?" என்று ஒருவன் கேட்டான். சௌம்யா நோட்டை வாங்கிக்கொண்டாள். இன்னொரு குடும்பத்தில் தொள்ளாயிரத்துக்கு அறுநூறு கிடைத்தது.

சின்னத்தாயியும் சும்மா நிற்கவில்லை. தனக்குத் தெரிந்த கன்னடத்தில் ஒரு அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னாள். மகள் படிப்பு, நாளைக்குக் கட்ட வேண்டிய ஃபீஸ், எல்லாவற்றையும். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டாள். பர்ஸைத் திறந்து நூறு ரூபாய் எடுத்து நீட்டினாள்.

"கார்டெல்லா பேடம்மா. இட்கொள்ளி" என்றாள், சும்மா வைத்துக்கொள் என்கிற மாதிரி.

சின்னத்தாயிக்கு முகம் சுருங்கிவிட்டது. "நாங்க பிச்சைக்கு வரலீங்க" என்று தமிழில் சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நோட்டு நடுவில் நின்றது. சௌம்யா வந்து அதை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் மேடம்" என்றாள்.

"ஏன்டி வாங்கின?"

"நூறு ரூபாம்மா."

இதற்குள் வாக்கிடாக்கி வைத்த ஒருவன் வந்துவிட்டான். அவன் ராகேஷை விடச் சின்னவன். கார்டு வியாபாரம் இங்கே கூடாது, இன்னொரு தடவை பார்த்தால் ப்ளாக் பண்ணிவிடுவேன், வெளியே அனுப்பிவிடுவேன் என்றான். அப்பாதுரை கைகூப்பினார். அவன் கொஞ்ச தூரத்திலேயே நின்றுகொண்டு இவர்களைப் பார்த்தபடி இருந்தான். மணி நாலேகால். கையில் ஆயிரத்து ஐந்நூறு. அட்டையில் பதினாறாயிரத்து ஐந்நூற்று நாற்பது.

மூன்று பேரும் ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்தார்கள். காலையில் குடித்த டீ தவிர வயிற்றில் ஒன்றுமில்லை.

"வாங்க" என்றாள் சௌம்யா. "நாளைக்குக் கட்ட வேண்டியதை இன்னிக்குச் சாப்பிடலாம்."

அவள்தான் எல்லாம் வாங்கினாள். அப்பாதுரை அட்டையை நீட்டி நீட்டிக் கொடுத்தார். நீளமான ரொட்டிக்குள் வைத்த கறிக்குழல் ஒன்று நானூற்று இருபது. கேக் மாதிரி உயரமாக, உள்ளே சீஸ் ஒழுகுகிற பீட்சா ஆயிரத்து நூறு. உப்புக் கல் தூவிய பெரிய முறுக்கு போல ஒன்று. கடித்தால் மெத்தென்று இருந்தது. நியூ ஆர்லியன்ஸ் தெருவில் சிவப்பாக ஒரு சோறு, இறாலும் கோழியும் போட்டு, ஐந்நூற்று அறுபது.

"இது நம்ம குஸ்காதான்டி" என்றாள் சின்னத்தாயி. "உப்பு பத்தல."

"அதுக்கு வேற பேரும்மா."

"இன்னா பேரு வச்சாலும் உப்பு பத்தல."

ஆனால் அவள் தட்டைக் காலி பண்ணினாள். அப்பாதுரைக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மெல்லும்போது அவர் மனம் கணக்குப் போட்டது: இது அரை நாள் கூலி, இது ஒரு நாள், இது ஒரு நாளும் கொஞ்சமும். சீஸ் தொண்டையில் கயிறு மாதிரி நின்றது. சௌம்யா மட்டும் நிறுத்தாமல் சாப்பிட்டாள். கண்ணைத் தட்டிலிருந்து எடுக்கவில்லை. சர்க்கரை தூவிய டோனட்டை நாலாவதாக அவள் எடுத்தபோது, "போதும்டி, வயித்தால போவும்" என்றாள் தாய்.

"போவட்டும்."

மேஜை துடைக்க வந்த லட்சுமம்மா என்கிற பெண், தட்டுகளை எடுக்கலாமா என்று கன்னடத்தில் கேட்டாள். அப்பாதுரை, உனக்கு என்ன வேண்டும் கேள், வாங்கித் தருகிறேன் என்றார். அவள் நம்பவில்லை. அட்டையைக் காட்டி விஷயத்தைச் சொன்னதும், "ஐயோ பாவம், உங்களுக்குமா?" என்றாள். அவளுக்கும் பாதிச் சம்பளம் நிற்கிறது. இந்தத் தீனி தன் பிள்ளைகளுக்குப் பிடிக்காது, கோழி வறுவல் மட்டும் கட்டித் தரச் சொல்லுங்கள் என்றாள். எட்டு டப்பா கட்டித் தந்தார்கள். அவள் அதை மேலாளர் பார்க்காதபடி குப்பைப் பைக்குள் போட்டு முடிச்சிட்டுக்கொண்டு போனாள்.

அதற்குப் பின் கடைகளில் சரக்கு தீர்ந்துவிட்டது. சிகாகோ தெரு அடுப்பை அணைத்தது. கடைசி நாள் என்பதால் யாரும் புதிதாக எதையும் சுடவில்லை. பணம் அட்டையில் இருந்தது, வாங்கத்தான் பொருளில்லை. இருக்கிற தண்ணீர் பாட்டிலும் சிப்ஸும் வாங்கியதில் சின்னத்தாயியின் பை நிறைந்தது.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கவுன்ட்டருக்குப் போனார்கள். மமதா என்று மார்பில் பெயர் குத்திய பெண் அட்டையை மிஷினில் வைத்துப் பார்த்தாள்.

"எட்டாயிரத்து எழுநூத்திப் பத்து இருக்கு அங்கிள்."

"எதாவது பண்ண முடியுமாம்மா? பாதி குடுத்தாக் கூட."

"எனக்கு அந்த பவர் இல்ல அங்கிள். காலையில இருந்து உங்கள மாதிரி இருபது பேர் வந்துட்டாங்க." அவள் குரலில் கோபமில்லை. "கார்டை இங்கயே குடுத்துடுங்க. அம்பது ரூபா டெபாசிட் இருக்கு, ஆனா அது யார் வாங்கினாங்களோ அவங்களுக்குத்தான் போவும்."

"ராகேஷுக்கா?"

"பேர் அதான் இருக்கு."

ஆறு மணிக்கு மிஷினை அணைத்தார்கள். பாட்டு நின்றது. வாசல் வழியாக லாரிகள் உள்ளே வந்தன. விடிவதற்குள் மைதானத்தைக் காலி பண்ணித் தர வேண்டும். ராகேஷ் கையில் ஸ்பேனரோடு அங்கும் இங்கும் ஓடினான். சொன்ன ஆட்களில் பாதிப்பேர் வரவில்லை.

"அண்ணா! நல்ல வேளை, நீங்க போவல. பிரிக்கற வேலை. இருக்கீங்களா? தொள்ளாயிரம், விடியறதுக்குள்ள கையில காசு. சாமி சத்தியமா காசு."

அப்பாதுரை சட்டையைக் கழற்றிச் சின்னத்தாயியிடம் கொடுத்தார். சௌம்யா துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் வேலை இருக்கா சார்?"

ராகேஷ் அவளையும் அப்பாதுரையையும் பார்த்தான். "லேடீஸுக்கு அறுநூறுதான் பாப்பா."

"சரி."

அப்பாதுரை வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவள் மற்ற ஆட்களோடு போய் நின்றுவிட்டாள்.

ராகேஷ் பேர் எழுதுகிற நோட்டை எடுத்தான். வேலைக்கு வந்திருந்த மற்றவர்களும் சுற்றி நின்றார்கள். எழுதுவதற்கு முன் அவன் பேனாவை நிறுத்தி, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டான்.

"அண்ணா, அப்பறம் பேச்சு வரக்கூடாது. பழைய பாக்கி எதுவும் இல்லல்ல?"

"இல்ல சார்" என்றார் அப்பாதுரை. "தீந்துபோச்சு."